உங்களுக்குத் தெரியுமா? கான்கிரீட்டில் அடிப்பது காற்றின் அழுத்தம்!

சாதாரண இம்பாக்ட் டிரில்லுக்குள் பல் வெட்டிய இரண்டு வட்டுகள் உரசித் துள்ளும். செங்கல் சுவருக்கு அது போதும். கான்கிரீட்டுக்கான ரோட்டரி ஹாமர் வேலை செய்யும் விதமே வேறு. உள்ளே பிஸ்டன் முன்னும் பின்னும் ஓட, அடைபட்ட காற்று அழுந்தி, ஓர் இரும்புத் துண்டை விசையோடு தள்ளுகிறது. அந்த மோதல்தான் பிட்டின் பின்புறத்தில் அடியாக விழுகிறது. அதனால் உடம்பைச் சாய்த்து அழுத்தவே வேண்டாம். அழுத்தினால் பிட் சூடேறி முனை மழுங்கும், அவ்வளவுதான்.

வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். ஓர் அடியின் வலிமையைச் சொல்லும் ஜூல் எண்தான் முக்கியம். வீட்டில் 6 முதல் 12 மி.மீ. துளை போட, 2 ஜூலுக்குச் சற்று மேல் உள்ள எஸ்.டி.எஸ். பிளஸ் என்ற பிட் பொருத்தும் முறை கொண்ட மெஷினே தாராளம். அதன் பிட் தண்டு 10 மி.மீ.; பெரிய வேலைக்கான எஸ்.டி.எஸ். மேக்ஸ் வகைக்கு 18 மி.மீ. ஒன்றின் பிட் மற்றதில் நேரடியாகப் பொருந்தாது.

துளையில் இறங்கிக்கொண்டிருந்த பிட் சட்டென நின்று, சாம்பல் நிறத் தூளோடு பளபளக்கும் துகளும் வந்தால், உள்ளே கம்பி இருக்கிறது. இடத்தை மாற்றுங்கள். பாலிஷ் கிரானைட் பலகையில் ஹாமர் மோடு கூடவே கூடாது, விரிசல் விடும். வைர பிட்டும் தண்ணீரும்தான் சரி. கான்கிரீட் தூளில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா உண்டு. கைக்குட்டை போதாது, என்95 மாஸ்க் போடுங்கள்.