உங்களுக்குத் தெரியுமா? ஐலாவின் புகை, ஹெரெஸின் திராட்சை

* ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் உள்ள Islay தீவின் பெயரை ‘இஸ்லே’ என்று படிப்பவர்கள் உண்டு. தீவுக்காரர்கள் சொல்வது ‘ஐலா’. அங்கே 1779 முதல் விஸ்கி வடிக்கும் ஊர் பௌமோர்.

* விஸ்கியின் புகைவாசம் கருக்கிய பீப்பாயிலிருந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தானியத்திலேயே ஏறிவிடுகிறது! முளைகட்டிய பார்லியைச் சூளையில் பரப்பி, அடியில் பீட் மூட்டுவார்கள். சதுப்பில் பாசியும் புதர்ச்செடிகளும் மக்கி இறுகிய மண் அது. ஆண்டுக்குச் சுமார் 1 மி.மீ. மட்டுமே சேரும். தானியத்தில் ஈரம் இருக்கும்போதுதான் உமியில் புகை நன்றாகப் பிடிக்கும். அதன்பின் அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, நொதிக்கவிட்டு, இருமுறை வடித்தாலும் அந்த வாசம் போவதில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புதான்.

* வடித்து இறக்கும்போது விஸ்கிக்கு நிறமே இல்லை. ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது 3 ஆண்டு கிடந்தால்தான் சட்டப்படி அது ஸ்காட்ச்.

* விஸ்கிக்குத் திராட்சை இனிப்பைத் தருவது ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதி ஒயினான ஷெர்ரி. ஒரு காலத்தில் ஷெர்ரி பீப்பாய்களிலேயே பிரிட்டனுக்குக் கப்பலேறியது. காலிப் பீப்பாய்களை விஸ்கிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். 1980களில் ஸ்பெயினிலேயே புட்டியில் அடைக்க வேண்டும் என்றானதும் அந்த வரத்து நின்றது. இன்று விஸ்கிக்கென்றே புதுப் பீப்பாய் செய்து, ஷெர்ரி ஊற்றிப் பழக்குகிறார்கள்.

* பௌமோரின் 15 ஆண்டு ‘டார்க்கஸ்ட்’ விஸ்கி, 12 ஆண்டு போர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாயிலும், கடைசி 3 ஆண்டு ஒலொரோசோ ஷெர்ரி பீப்பாயிலும் கிடந்தது.

* சில சொட்டுத் தண்ணீர் விட்டால் வாசம் ஏன் மலர்கிறது? புகைமணம் தரும் குவாயகோல் மூலக்கூறு, சாராயச் செறிவு குறையும்போது மேற்பரப்புக்கு ஏறுகிறது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் 2017இல் கணினி மாதிரியில் கண்டது இது.

* புகையும் ஷெர்ரியும் சேர்ந்த இத்தகைய விஸ்கியை, மூக்கைக் கோப்பைக்குள் நுழைக்காமல், வாயைச் சற்றே திறந்துகொண்டு முகர வேண்டும். முதலில் சாம்பலும் டிங்சர் அயோடின் நெடியும் வரும். அவசரப்படாதீர்கள். புகைக்கு மூக்கு பழகியதும் உலர்திராட்சை, அத்தி, ஆரஞ்சுத் தோல் என ஒவ்வொன்றாக எழும். மறுநாள் காலை கழுவாத கோப்பையை முகர்ந்து பாருங்கள்: பழவாசம் போயிருக்கும், அணைந்த அடுப்பின் வாசம் இருக்கும்.