டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தால்...

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் இன்ஜினியரிங்)



போன வருஷம் கத்திரி வெயில் சமயம். ஒரு நாள் ராத்திரி எங்க மாமா வீட்டுக்கு வந்தார். முகமே சரியில்லை. அவர் குமாரபாளையத்தில் ஒரு ஜவுளி முதலாளியிடம் கார் டிரைவர். முதலாளி வைத்திருப்பது ஹைப்ரிட் கார். அன்றைக்கு ஈரோட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் ஏதோ எழுத்து வந்து அப்படியே நின்றுவிட்டதாம். எல்லாம் இங்கிலீஷ். அதில் 'பேட்டரி' என்ற ஒரு சொல்தான் மாமாவுக்குப் புரிந்தது. வழியில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். "பெரிய பேட்டரி போச்சு. மாத்தினா லட்சக்கணக்குல ஆகும்" என்று அங்கே சொல்லிவிட்டார்கள். முதலாளிக்குக் கோபம். "வண்டிய என்னப்பா பண்ணி வெச்சே?" என்று கேட்டிருக்கிறார். "நான் ஒண்ணுமே பண்ணலீங்க" என்று மாமா சொன்னது எடுபடவில்லை.

சம்பளத்தில் பிடிப்பார்களா, வேலைக்கே உலை வைப்பார்களா என்பதுதான் மாமாவின் கவலை. "கண்ணு, நீ இதத்தானே படிக்கறே? என்னன்னு பாரு" என்றார். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எனக்குத் தெரியாதது எதுவும் இருக்காது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை! உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது தெரியாது. தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முதலில் பழைய சிவப்பு விளக்கு

நமக்கு நன்றாகத் தெரிந்த விளக்கிலிருந்து ஆரம்பிப்போம். சாதாரண கார், வேன் எல்லாவற்றிலும் சின்னப் பெட்டி மாதிரி, பிளஸ் மைனஸ் குறி போட்ட ஒரு சிவப்பு விளக்கு உண்டு. "பேட்டரி வீக்கானால் இது எரியும்" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. சார்ஜ் ஏறவில்லை என்பதைச் சொல்லும் விளக்கு அது.

பழைய முறையில் இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். விளக்கின் ஒரு முனை இக்னிஷன் சாவி வழியாகப் பேட்டரிக்குப் போகிறது. மறுமுனை ஆல்டர்னேட்டரில் 'டி பிளஸ்' என்ற இடத்தில் சேர்கிறது. சாவியைத் திருப்பினால் பேட்டரிப் பக்கம் 12 வோல்ட் இருக்கும். ஆல்டர்னேட்டர் சுற்றாததால் அந்தப் பக்கம் ஒன்றும் இருக்காது. ஆகவே கரண்ட் பாய்ந்து விளக்கு எரிகிறது. அந்தக் கரண்ட்டே ரோட்டர் சுருளுக்கு முதல் காந்த சக்தியையும் கொடுக்கிறது. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் ஆல்டர்னேட்டர் பக்கமும் வோல்டேஜ் ஏறிவிடும். இரண்டு முனையிலும் வோல்டேஜ் சமம் என்றால் கரண்ட் எப்படிப் பாயும்? விளக்கு அணைந்துவிடுகிறது. எவ்வளவு எளிமையான ஏற்பாடு!

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, சாவி போட்டதும் அந்த விளக்கு எரியாவிட்டாலும் கோளாறுதான். இரண்டு, ஓடும்போது எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம், ஆல்டர்னேட்டர் கெட்டிருக்கலாம், ஒயர் கழன்றிருக்கலாம். பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தது தெரியாமல் ஓட்டினால் இன்ஜினே சூடேறிக் கெட்டுவிடும். அதனால் ஓரமாக நிறுத்திப் பார்க்க வேண்டும்.

கையில் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. நல்ல பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். ஓடும்போதும் 12-ஐச் சுற்றியே நின்றால் ஏறவில்லை.

ஹைப்ரிட் காரில் பேட்டரி இரண்டு

ஹைப்ரிட் என்றால் பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி. 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்த பிறகுதான் இது உலகெங்கும் பரவியது. இதில் இரண்டு வகை உண்டு. பிரேக் பிடிக்கும்போதும் இன்ஜின் ஓடும்போதும் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்வது ஒரு வகை. நம் நாட்டில், பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் தயாராகும் ஹைப்ரிட் கார்கள் இந்த வகை. மாமா ஓட்டுவதும் இந்த வகைதான். வீட்டு பிளக்கில் சொருகியும் சார்ஜ் ஏற்றலாம் என்பது இரண்டாவது வகை. அதைத்தான் பிளக்-இன் ஹைப்ரிட் என்கிறார்கள். இதைச் சீனாவின் பி.ஒய்.டி. 2008-லும், அமெரிக்காவின் செவ்ரோலெட் 2010-லும் விற்பனைக்குக் கொண்டுவந்தன. நம் நாட்டில் விலை உயர்ந்த சில வெளிநாட்டு கம்பெனி கார்களில் பிளக்-இன் பார்க்க முடிகிறது. எச்சரிக்கை விளக்குகளின் அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான்.

இந்த வண்டிகளில் பேட்டரி இரண்டு. வண்டியை நகர்த்தும் பெரிய பேட்டரி 100 வோல்ட்டுக்கும் மேல்; பிளக்-இன் வண்டிகளில் 300-ஐத் தாண்டுவதும் உண்டு. இன்னொன்று நம்ம பழைய 12 வோல்ட் பேட்டரியேதான். ஆல்டர்னேட்டர் இருக்காது. அதற்குப் பதிலாகப் பெரிய பேட்டரியிலிருந்து வோல்டேஜைக் குறைத்துச் சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்க ஒரு டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர் இருக்கும்.

பெரியது இருக்கும்போது சின்னது எதற்கு என்று கேட்கலாம். நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். கிணறு நிறையத் தண்ணீர் இருக்கிறது, லைனில் மூன்று பேஸ் கரண்ட்டும் இருக்கிறது. ஆனால் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் காயிலுக்குக் கரண்ட் வராவிட்டால் மோட்டார் ஓடுமா? தறி மோட்டாரும் அப்படித்தானே! ஹைப்ரிட் காரில் பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலேயை இழுத்துப் பிடிப்பது அந்த 12 வோல்ட்தான். அது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும் வண்டி 'ரெடி' நிலைக்கு வராது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹைப்ரிட் காரிலும் அந்தச் சிவப்புப் பெட்டி விளக்கு எரிந்தால், அது பொதுவாகச் சின்ன பேட்டரியின் சார்ஜ் சம்பந்தப்பட்டது. சில ஆயிரத்தில் முடிகிற வேலையாகக்கூட இருக்கலாம். பெரிய பேட்டரியின் கோளாறை வேறு குறியோ, எழுத்தில் வரும் அறிவிப்போ காட்டும். எந்த விளக்கு என்று பார்க்காமலே 'பேட்டரி போச்சு' என்று சொன்னால், லட்சத்துக்கும் ஆயிரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்.

நிறம் சொல்லும் சேதி

சிவப்பு என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து உடனே நிறுத்து. மஞ்சள் என்றால் வண்டி போகும், ஆனால் சீக்கிரம் கவனி. பச்சை, நீலம் வெறும் தகவல். ரோட்டு சிக்னல் மாதிரியே வைத்துக்கொள்ளலாம்.

பிளக்-இன் ஹைப்ரிட்டில் 'சார்ஜ் குறைவு' என்று வந்தால் பயப்பட வேண்டியதே இல்லை. பெட்ரோல் இருக்கும்வரை இன்ஜின் வேலையை எடுத்துக்கொள்ளும். முழு மின்சாரக் காரில் அப்படி இல்லை. அதில் சில மாடல்களில் ஆமைப் படம் வரும். சக்தியைக் குறைத்துவிட்டேன், சார்ஜ் போடு என்று பொருள்.

மாமா வண்டியில் என்ன நடந்தது?

"மேனுவல் இருக்குதா மாமா?" என்று கேட்டேன். டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் இருந்ததாம். மறுநாள் கொண்டுவந்தார். தடிப் புத்தகம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்தேன். மாமா செல்போனில் எடுத்திருந்த போட்டோவில் இருந்த வாசகம் ஒரு பக்கத்தில் அப்படியே இருந்தது. பேட்டரி கெட்டுவிட்டது என்று அதில் எழுதவில்லை! 'பேட்டரியைக் குளிர்விக்கும் பாகங்களுக்குப் பராமரிப்பு தேவை' என்று எழுதியிருந்தது.

விஷயம் இதுதான். அந்தக் காரில் பெரிய பேட்டரி உள்ளே, சீட்டுப் பக்கத்தில் இருக்கிறது. பேட்டரியும் மனிதன் மாதிரி. ரொம்பச் சூடு ஆகாது. அதனால் ஒரு சின்ன மின்விசிறி கார் உள்ளே இருக்கும் காற்றை இழுத்து அதன்மேல் வீசுகிறது. காற்று போகும் வாயில் ஒரு ஜன்னல், அதற்குள் ஒரு பில்டர். நம்ம ஊரில் காற்றில் என்ன இருக்கும்? பஞ்சுத்தூசி! தறிக்குடோனுக்கும் கடைக்கும் துணிக்கட்டும் கோனும் பின்சீட்டில் ஏற்றி இறக்கும் வண்டி அது. பில்டரைக் கழற்றினால் கம்பளி விரித்த மாதிரி பஞ்சு அப்பியிருந்தது. போதாததற்கு அந்த ஜன்னலை மறைத்து எப்போதும் ஒரு துணிக்கட்டு சாய்ந்திருக்கும் என்றார் மாமா. வெளியே நாற்பது டிகிரி வெயில் வேறு.

வண்டியை ஆஃப் செய்து, மேனுவலில் போட்டிருந்த முறைப்படியே பில்டரைச் சுத்தம் செய்தோம். மூடியைத் தாண்டி உள்ளே கை வைக்கவில்லை. கொஞ்ச தூரம் ஓடியதும் அறிவிப்பு மறைந்தது. அதோடு விடாமல் கம்பெனி சர்வீஸில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சீட்டு கொடுத்தார்கள். அதை முதலாளியிடம் காட்டியதும், "சரி விடப்பா, நானும் அவசரப்பட்டுட்டேன்" என்றாராம். மாமா இன்றைக்கும் அங்கேதான் வேலையில் இருக்கிறார். மாதம் ஒரு முறை அவரே பில்டரைத் தட்டிப் பார்க்கிறார்.

உயிர் விஷயம்

நண்பர்களே, எல்லாக் கோளாறும் இப்படி பஞ்சில் முடியாது. நாளை நாம் ஒர்க்ஷாப்பில் நிற்கும்போது இவற்றை மறக்கக் கூடாது.

1. ஆரஞ்சு நிற ஒயர் என்றால் உயர் வோல்டேஜ். அதற்கான பயிற்சியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் தொடவே கூடாது. சாவியை எடுத்துவிட்டோம் என்பது போதாது. சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். 10 நிமிடம் காத்திருக்கச் சொல்லும் மாடல்கள் உண்டு. அதன் பிறகும் மீட்டரில் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும்.

2. 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டது என்று லாரியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்யக் கூடாது. லாரியில் இரண்டு பேட்டரி தொடராக இணைத்து 24 வோல்ட் இருக்கும். காரின் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் வெந்துவிடும். சங்ககிரி, நாமக்கல் ரோட்டில் உதவிக்கு முதலில் நிற்பது லாரிக்காரர்தான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

3. கருகிய வாடை, புகை, 'உஸ்' என்ற சத்தம் வந்தால் விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் எல்லோரையும் இறக்கித் தூரமாகப் போய் 112-க்குப் போன் செய்ய வேண்டும். லித்தியம் பேட்டரித் தீ அணைந்த மாதிரி தெரிந்து திரும்பவும் பற்றும்.

4. விளக்கு எரிகிறதே என்று பல்பைப் பிடுங்குவதோ, ஸ்கேனரில் கோடை அழித்துவிட்டு அனுப்புவதோ காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை உடைப்பது போல!

2022 மார்ச் மாதம் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜ் போட்ட மின்சார ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த வருஷம் நாட்டில் பல இடங்களில் இப்படித் தீவிபத்துகள் நடந்தன. அதற்குப் பிறகு மத்திய அரசு நிபுணர் குழு அமைத்து, ஏ.ஐ.எஸ்.-156 என்ற விதியைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாக அது நடைமுறைக்கு வந்தது. பேட்டரிக்குள் சூடு மீறினால் ஓட்டுபவருக்கு ஒலியாலும் ஒளியாலும் எச்சரிக்கை தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆக, ஒரு சின்ன விளக்குக்குப் பின்னால் சில உயிர்களின் கதையும் இருக்கிறது.

முடிவாக...

பேட்டரி ஏதோ வெளிநாட்டு வித்தை என்று ஒதுங்க வேண்டியதில்லை. நம் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கி வருகிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவானது. லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி அங்கே நடக்கிறது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. வேலை நம்மைத் தேடி வரும் காலம் இது.

நான் பெரிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. புத்தகத்தைப் பிரித்துப் படித்தேன், அவ்வளவுதான். ஆனால் அந்த இங்கிலீஷைப் படிக்க நம் வீட்டில் ஒருவர் இல்லாவிட்டால், தப்பு செய்யாத ஒரு டிரைவர் பழி சுமக்க வேண்டியிருக்கும். நம் தெருவில் எத்தனை டிரைவர்கள், எத்தனை ஆட்டோக்காரர்கள்! அவர்கள் ஒரு விளக்கைக் காட்டி "இது என்ன கண்ணு?" என்று கேட்டால், தெரிந்தால் சொல்வோம். தெரியாவிட்டால் "மேனுவலைக் கொண்டு வாங்க, பாத்துச் சொல்றேன்" என்போம். ஊகத்தில் மட்டும் சொல்ல வேண்டாம்.