மாடிப்படிக்குக் கீழே ஒரு மருந்து

அறுபதைத் தாண்டிய பிறகும் சைக்கிள் உடம்பை மீட்டுத் தரும். ஆனால் ஏற்றிவிட வீட்டில் ஒருவர் வேண்டும்.

மாடிப்படிக்குக் கீழே தூசு படிந்து, டயரில் காற்று இறங்கி நிற்கிறது அந்த சைக்கிள். ஒரு காலத்தில் அப்பா அதில்தான் ஆபீஸ் போனார். இன்று அவருக்கு சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. ஒருநாள் ஏதோ நினைத்துக்கொண்டு சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தால் வீடே திரண்டு வருகிறது. "இந்த வயசில் உங்களுக்கு ஏன் இந்த வேலை? விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டால் யார் பார்ப்பது?" சைக்கிள் மறுபடியும் படிக்குக் கீழே போகிறது.

புனேயோ பாட்னாவோ, பல வீடுகளுக்குப் பழகிய காட்சி இது. 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் பாதி வீடுகளில் சைக்கிள் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023ல் வெளியான ஆய்வின்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி. நோயும் வீட்டில், மருந்தும் வீட்டில். இரண்டுக்கும் நடுவே நிற்பது பயம்.

நமது சாலைகளைப் பார்த்தால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாற்காலியும் அப்படியொன்றும் பத்திரமான இடமல்ல. டென்மார்க்கில் 50 முதல் 65 வயது வரையிலான ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோரை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வு 2016ல் வெளியானது. நெடுநாளாக சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு நீரிழிவு குறைவாக வந்ததில் வியப்பில்லை. அந்த வயதில் புதிதாகத் தொடங்கியவர்களுக்கும், ஓட்டாதவர்களைவிட அந்த அபாயம் சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தது என்பதுதான் வியப்பு.

காரணம் எளிது. உடம்பின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பின் பின்புறமும் இருக்கின்றன. மிதிக்கும்போது அவை ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கின்றன. உடம்பின் பாரத்தை சீட் தாங்கிக்கொள்வதால், ஓடும்போது முழங்காலில் விழும் அடி இதில் இல்லை.

எந்த வயது வரை இது பலிக்கும்? பிரான்ஸ் நாட்டு ரொபேர் மார்ஷான் இளமையில் விட்ட சைக்கிளை அறுபதுகளின் பிற்பகுதியில்தான் மீண்டும் எடுத்தார். 2012ல், நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். இரண்டே ஆண்டுகளில் தன் சாதனையைத் தானே முறியடித்தார்: 26.927 கிலோமீட்டர். இடையில் முறையான பயிற்சி எடுத்ததில், அவரது உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் சுமார் 13 சதவீதம் கூடியிருந்ததை விஞ்ஞானிகள் அளந்து பார்த்தார்கள். 2021ல், 109வது வயதில் அவர் காலமானார்.

எல்லோரும் மார்ஷான் ஆகிவிட முடியாது. பெரும்பாலோருக்குத் தடை காலில் இல்லை, வாசற்படியில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஐம்பது வயதைக் கடந்த தம்பதியரை ஆராய்ந்து 2015ல் வெளியான முடிவு இங்கே கவனிக்கத்தக்கது. உடற்பயிற்சியே செய்யாத கணவர்களில், மனைவியும் சும்மா இருந்தபோது மாறியவர்கள் 26 சதவீதம். மனைவி பயிற்சியைத் தொடங்கியபோது மாறியவர்கள் 67 சதவீதம். மனைவியர் விஷயத்திலும் ஏறக்குறைய இதே கணக்குதான். அறிவுரை சொல்வதைவிட கூடவே கிளம்புவது பலன் தருகிறது.

ஆக, தடுக்க ஓடி வரும் வீடு கொஞ்சம் வேலையை மாற்றிக்கொண்டால் போதும். இதய நோயோ முழங்கால் தொல்லையோ இருந்தால் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். குறுக்குக் கம்பி இல்லாத 'லேடீஸ் சைக்கிள்' வாங்கித் தந்தால் காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் இரண்டு காலும் தரையைத் தொடும்படி சீட்டை இறக்கி வைக்கலாம். பிரேக்கைச் சரிபார்க்கலாம், ஹெல்மெட் மாட்டிவிடலாம். இன்சுலின் போட்டுக்கொள்பவர் சட்டைப் பையில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருப்பது அவசியம். நெரிசல் தொடங்குமுன், விடிந்த கையோடு பக்கத்துத் தெருக்களில் பத்து நிமிஷம் ஆரம்பத்துக்குப் போதும். பேரனோ பேத்தியோ சின்ன சைக்கிளில் கூட வந்தால், மறுநாள் அவர்களே தாத்தாவை எழுப்பிவிடுவார்கள்.

முப்பது வருஷத்துக்கு முன், பையன் விழுந்துவிடக் கூடாதே என்று சீட்டைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடியவர் அந்த அப்பா. விழுந்துவிடுவான் என்று அவர் சைக்கிளைப் பிடுங்கி வைத்துவிடவில்லை. இப்போது ஓட வேண்டியது மகனின் முறை.