கினி-பிசாவு விடுதலையும் அமில்கார் கப்ராலும்

போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தனர், 1658இல் ஒல்லாந்தரால் வெளியேற்றப்பட்டனர் என்று வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். அத்தோடு அவர்களது கதை எமக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் மேற்கு ஆபிரிக்காவின் கினி-பிசாவு என்னும் சிறிய நாட்டில் அவர்களது ஆட்சி 1974 வரை நீடித்தது. அதனை முடிவுக்குக் கொண்டுவந்த இயக்கத்தின் தலைவர் அமில்கார் கப்ரால். ஏகாதிபத்திய எதிர்ப்பு என்றால் துப்பாக்கி ஏந்துவது மட்டுமே என எண்ணுவோர் இவரைப் பற்றி வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

1924இல் பிறந்த கப்ரால், லிஸ்பன் நகரில் விவசாயவியல் கற்றவர். 1953இல் நாட்டின் விவசாயக் கணக்கெடுப்பை நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. குடியேற்ற அரசின் சம்பளத்திலேயே கிராமம் கிராமமாகச் சென்று, யார் எதைப் பயிரிடுகிறார்கள், யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது என்றெல்லாம் பதிந்தார். நெல் விளைவித்து உண்ட மக்கள், வரி கட்டுவதற்காகக் கச்சான் பயிரிட வேண்டியிருந்தது. கச்சானையே தொடர்ந்து பயிரிட்ட நிலம் வளமிழந்தது. இலாபமோ போர்த்துக்கேயக் கம்பனிகளுக்குச் சென்றது. ஏகாதிபத்தியம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அவர் முதலில் கண்டுகொண்டது இந்த மண்ணில்தான்.

1956இல் கப்ராலும் தோழர்களும் இரகசியமாக இயக்கத்தைத் தொடங்கினர். 1959 ஆகஸ்ட் 3ஆம் திகதி பிசாவு துறைமுகத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் சுடப்பட்டனர்; பலர் மாண்டனர். நகரத்து வேலைநிறுத்தங்களால் மட்டும் வெல்ல முடியாது என உணர்ந்த இயக்கம் கிராமங்களை நோக்கித் திரும்பியது. ஆயுதப் போராட்டம் தொடங்கியது 1963இல்.

நாட்டின் முஸ்லிம்களான பூலா இனத்தவரைப் பற்றி அவர் எழுதியது என்னை மிகவும் கவர்ந்தது. பூலாத் தலைவர்கள் பலர் போர்த்துக்கேயருடன் சேர்ந்திருந்தனர். அதற்காக அவர் அந்த இனத்தையோ மார்க்கத்தையோ குறை கூறவில்லை. தலைவர்களின் நலன் வேறு, அவர்களுக்காக உழைத்த ஏழை விவசாயிகளின் நலன் வேறு என்று பிரித்துக் காட்டினார். ஒரு சமூகத்தை ஒட்டுமொத்தமாகத் துரோகி என்று சொல்வது இலகு. அவர் அந்த இலகுவான வழியில் செல்லவில்லை.

விடுவிக்கப்பட்ட பகுதிகளில் பாடசாலைகள் மர நிழல்களில் இயங்கின. குண்டுவீச்சுக்கு அஞ்சி அவற்றை அடிக்கடி இடம் மாற்ற வேண்டியிருந்தது. கிராமக் குழுவில் ஐவர்; அவர்களில் இருவரேனும் பெண்களாக இருத்தல் வேண்டும் என்பது விதி. பெண்ணின் விருப்பமின்றி நடக்கும் திருமணங்களையும் இயக்கம் எதிர்த்தது. ஆயினும், அப்பாடசாலைகளில் கற்பிக்கும் மொழி போர்த்துக்கேயமே. போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவற்றுள் பயன்மிக்க கருவி அவர்களது மொழி என்பது கப்ராலின் வாதம். வீட்டு மொழியிலேயே கற்கும் எனக்கு இதனை முழுமையாக ஏற்க முடியவில்லை.

1966 ஜனவரியில் ஹவானா மாநாட்டில் அவர் ஆற்றிய உரை புகழ்பெற்றது. ஆட்சியாளர் வெளியேறியதும் அந்தக் கதிரைகளில் அமரக்கூடியவர்கள் படித்தவர்களே. தமது வர்க்கத்தின் சலுகைகளைத் துறந்து உழைக்கும் மக்களோடு இணையாவிட்டால் அவர்களே புரட்சிக்குத் துரோகம் செய்வர் என எச்சரித்தார். தானும் படித்த வர்க்கத்தைச் சேர்ந்தவர் என்பதை அறிந்தே இதைக் கூறினார்.

1973 ஜனவரி 20ஆம் திகதி, அயல்நாடான கினியின் தலைநகர் கொனாக்ரியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் அவரது இயக்கத்தைச் சேர்ந்தவர்களே. எட்டு மாதங்களின் பின், செப்டெம்பர் 24இல் கினி-பிசாவு சுதந்திரப் பிரகடனம் செய்தது. அடுத்த ஆண்டு போர்த்துக்கல்லும் அதனை அங்கீகரித்தது.

கப்ராலின் இறுதிச் சடங்கிற்குப் புறப்பட்டவர்களில் டிட்டினா சிலா என்ற இளம் போராளியும் ஒருவர். வழியில் ஆற்றைக் கடக்கும்போது போர்த்துக்கேயப் படையின் தாக்குதலில் அவர் உயிரிழந்தார். அந்த நாளான ஜனவரி 30, இன்று கினி-பிசாவில் தேசிய மகளிர் தினம்.