நிறப்பார்வையும் எக்ஸ் குரோமோசோமும்

விழிக்கோளத்தின் பின்புற உட்சுவராக அமைந்த விழித்திரையில், பகல் வெளிச்சத்தில் நிறங்களைப் பிரித்தறியும் பணி ஏறத்தாழ 60 லட்சம் கூம்பு செல்களுக்கு உரியது. மூவகைப்படும் இச்செல்களில் ஒவ்வொரு வகையும் ஆப்சின் என்னும் தனக்குரிய புரதத்தைக் கொண்டு ஒளியை உட்கவர்கிறது. குற்றலை வகை 420 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியும், இடையலை வகை 530ஐ ஒட்டியும், நெட்டலை வகை 560ஐ ஒட்டியும் மிகுந்த உணர்திறன் காட்டுகின்றன. தனியொரு வகையால் எந்த நிறத்தையும் அறிய இயலாது. மூன்றின் துலங்கல்களையும் நரம்பு மண்டலம் ஒன்றோடொன்று ஒப்பிடும்போதே நிறவுணர்வு தோன்றுகிறது. ஆண், பெண் பார்வை வேறுபாடுகளாகச் சொல்லப்படுபவற்றுள் மிக உறுதியாக நிறுவப்பட்ட ஒன்று இந்த ஒப்பீட்டோடு தொடர்புடையது.

குற்றலை ஆப்சினுக்கான மரபணு 7ஆம் குரோமோசோமில் இருக்க, மற்ற இரண்டும் எக்ஸ் குரோமோசோமின் ஒரு நுனிக்கருகில் அடுத்தடுத்து அமைந்துள்ளன என்பதை 1986இல் ஜெரமி நேதன்ஸும் அவருடைய குழுவினரும் மரபணுக்களையே பிரித்தெடுத்துக் காட்டினர். அவை உருவாக்கும் புரதங்கள் 364 அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றுள் ஏறத்தாழ 15 மட்டுமே வேறுபடுகின்றன. இத்தனை ஒற்றுமையுள்ள இரு மரபணுக்கள் அருகருகே இருப்பதால், தாயின் கருமுட்டை உருவாகும் காலத்தில் இரு எக்ஸ் குரோமோசோம்களும் தம் பகுதிகளை மாற்றிக்கொள்ளும்போது வரிசை பிசகி, ஒரு மரபணு விடுபட்டுப்போகவோ இரண்டும் கலந்த புதியதொன்று உருவாகவோ நேர்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. தாயிடமிருந்து பெற்ற ஒரே எக்ஸை உடைய ஆணுக்கு அந்த வாய்ப்பில்லை. வட ஐரோப்பிய வழியினரில் ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினரும், பெண்களில் சுமார் 0.5 விழுக்காட்டினர் மட்டுமே சிவப்பு-பச்சை வேறுபாட்டை உணர்வதில் குறைபாடு கொண்டிருப்பதன் காரணம் இதுவே.

வேதியியலறிஞர் ஜான் டால்டன், தமக்கும் தம் சகோதரருக்கும் இருந்த இக்குறையை 1794இல் மான்செஸ்டரில் விரிவாக எடுத்துரைத்தார். விழிக்குள் நிறைந்துள்ள கூழ் போன்ற பொருள் நீல நிறமுடையதாக இருப்பதால் சிவப்பு மறைகிறது என்று நம்பிய அவர், தம் மறைவுக்குப் பின் கண்களைச் சோதிக்குமாறு கேட்டுக்கொண்டார். 1844இல் சோதித்தபோது அப்பொருள் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த விழித்திசுவின் டிஎன்ஏ 1995இல் ஆராயப்பட்டபோதுதான், இடையலை ஆப்சினுக்கான மரபணு அவரிடம் இல்லை என்பது புலனாயிற்று. தம் கண்ணையே சான்றாக விட்டுச்சென்ற அம்மனிதரின் கேள்விக்கு விடை கிடைக்க ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸும் ஒருங்கே செயல்படுவதில்லை. கருவளர்ச்சியின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு செல்லிலும் ஏதேனும் ஒன்று தற்செயலாக முடக்கப்படுகிறது என்று மேரி லயன் 1961இல் விளக்கினார். ஆகவே மாறுபட்ட ஆப்சின் மரபணு ஒன்றைச் சுமக்கும் பெண்ணின் விழித்திரை, இருவகைத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது போல அமைகிறது. அதில் நான்காவது வகைக் கூம்பு செல்லும் இருக்கக்கூடும். அத்தகைய பெண்கள் கூடுதல் நிறங்களைக் காண்பார்களா என்னும் வினாவை 1948இல் நெதர்லாந்தின் டி விரீஸ் எழுப்பினார். கேப்ரியேல் ஜோர்டன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சிவப்பும் பச்சையும் கலந்த ஒளியைத் தூய ஆரஞ்சு ஒளியிலிருந்து பிரித்தறியும் சோதனைக்கு அத்தகைய 24 பெண்கள் உட்படுத்தப்பட்டனர். நான்காம் வகையைப் பயன்படுத்திப் பார்ப்பவராக ஒருவரே தேறினார். பெண்கள் அனைவரும் ஆண்களைவிட மிகுதியான நிறங்களைக் காண்கிறார்கள் என்னும் பரவலான கூற்றுக்கு இதில் ஆதாரம் இல்லை.

இயல்பான நிறப்பார்வை உடையவர்களிடையேயும் சிறு வேறுபாடுகள் அளக்கப்பட்டுள்ளன. ஒரே நிறச்சாயலைக் காண ஆண்களுக்குச் சற்றே நீண்ட அலைநீளம் தேவைப்படுவதாக புரூக்ளினில் இஸ்ரேல் அப்ரமோவ் குழுவினர் 2012இல் கண்டனர். இவை சராசரிகளே, தனியொருவரின் பார்வையை இவற்றைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது.

பால்வழி வேறுபாட்டின் கூர்மையான வடிவம் தென் அமெரிக்காவின் அணில் குரங்குகளிடம் காணப்படுகிறது. அவற்றின் எக்ஸ் குரோமோசோமில் ஆப்சினுக்கு ஒரே இடம்தான் உண்டு. ஆனால் அவ்விடத்தில் அமையும் மரபணுவுக்கு மூன்று வடிவங்கள் உள்ளன. எனவே ஆண்கள் யாவும் இருவகைக் கூம்பு செல்களோடு நிற்க, வேறுபட்ட இரு வடிவங்களைப் பெற்ற பெண் குரங்குகள் மட்டும் மனிதரைப் போல மூவகை பெறுகின்றன. குறைந்த வகை எப்போதும் இழப்பாவதில்லை: இதே அமைப்புடைய கப்புச்சின் குரங்குகளில், சூழலோடு ஒன்றி மறைந்திருக்கும் பூச்சிகளைப் பிடிப்பதில் இருவகைப் பார்வையுடையவையே தேர்ந்தவை.

2009இல் ஜே நைட்ஸ், மோரீன் நைட்ஸ் ஆகியோரின் குழுவினர், மனிதனின் நெட்டலை ஆப்சின் மரபணுவை, தீங்கற்றதாக்கப்பட்ட வைரஸின் வழியாக, முழு வளர்ச்சியடைந்த ஆண் அணில் குரங்குகளின் விழித்திரைக்குள் செலுத்தினர். ஏறத்தாழ 20 வாரங்களில், அதுவரை சாம்பல் நிறத்திலிருந்து பிரித்தறிய முடியாத நிறங்களை அவை சரியாகத் தொட்டுக் காட்டின. அவற்றுள் ஒன்றுக்கு டால்டன் என்று பெயர்.