ஐந்து நாளில் ஒரு தீவு



பிரான்சில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், கரீபியக் கடற்பகுதியிலுள்ள குவாதலூப்புத் தீவுக்கு ஐந்து நாள் சென்றுவரப் போவதாக எழுதியிருந்தார். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் ஒன்றையும் அனுப்பி, என் கருத்தைக் கேட்டிருந்தார். பட்டியலில் பதினேழு இடங்கள். அவற்றுள் பதினொன்று கடற்கரைகள். பல்லாண்டுகள் பூகோளம் கற்பித்த எனக்கு, அதைக் கண்டதும் சிவப்பு மையைத் தேடும் பழைய வழக்கம் திரும்பிவிட்டது. அவருக்கு எழுதிய மறுமொழியின் சாரத்தையே இங்கு விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

பயணத்திட்டம் நிலப்படத்திலிருந்து தொடங்க வேண்டும். குவாதலூப்பு என்று நாம் ஒருமையில் சொல்லினும், அதன் முக்கிய நிலம் இரண்டு பகுதிகளால் ஆனது. வண்ணத்துப்பூச்சியின் இரு சிறகுகள் போல அவை விரிந்திருக்க, நடுவே ஓர் ஒடுங்கிய உப்புநீர்க் கால்வாய் ஓடுகிறது. அதன்மீது பாலங்கள் உள்ளன. கிழக்குச் சிறகின் பெயர் கிராந்த்தேர், அதாவது பெருநிலம். மேற்குச் சிறகின் பெயர் பாஸ்தேர், அதாவது தாழ்நிலம். ஆனால் பெருநிலம்தான் பரப்பில் சிறியது! தாழ்நிலத்திலோ 1,467 மீட்டர் உயரமுள்ள சூப்ரியேர் எரிமலை நிற்கிறது. பெயரிட்டவர்கள் கப்பலோட்டிகள். காற்றுக்கு மறைவான பக்கத்தை அவர்கள் 'தாழ்வு' என்று வழங்கினர். மலையின் உயரத்தைவிடக் காற்றின் திசையே அவர்களுக்கு முக்கியமாயிருந்தது.

செல்பவருக்கும் காற்றே முக்கியம். அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து கிழக்குத் திசைக் காற்று ஆண்டு முழுவதும் வீசுகிறது. அது கொணரும் ஈரம் மலையில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகிறது. எரிமலையின் உச்சியில் ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல் ஏழு மடங்கு எனலாம். சமவெளியான கிராந்த்தேரின் கிழக்கு முனையோ வறண்டு கிடக்கிறது. ஒரே நாளில், ஒரு மணி நேரப் பயணத்துக்குள், குடையும் வேண்டும், வெயிலுக்குத் தொப்பியும் வேண்டும். கிழக்குக் கரையில் அலை முரட்டுத்தனமானது. 2011 முதல் சர்காசம் என்னும் பழுப்புநிறக் கடற்பாசியும் சில காலங்களில் அங்கே குவிந்து அழுகி நாற்றமெடுக்கிறது. நீந்த விரும்புவோர் பாஸ்தேரின் மேற்குக் கரைக்குச் செல்வதே நலம். பதினொரு கடற்கரைகளுக்குப் பதிலாக மாலந்தூர் ஒன்று போதும் என்றும், அதற்கும் ஒரு பிற்பகல் போதும் என்றும் எழுதினேன்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். 1989 செப்டம்பரில் ஹியூகோ என்ற சூறாவளி இத்தீவைச் சூறையாடியது. பயணத்துக்கு எது உகந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இங்கிருந்து செல்வோர் ஒன்று கவனிக்க வேண்டும். 1946 முதல் இத்தீவு பிரான்சின் ஒரு மாவட்டம், நாணயமும் யூரோவே. ஆயினும் ஷெங்கன் விசா தானாக இங்கே செல்லுபடியாகாது. குவாதலூப்புக்கென்றே தனியாகக் கேட்டுப் பெறவேண்டும்.

இனி ஐந்து நாட்களுக்கு வருவோம். முதல் நாள் பயணக் களைப்பில் கழியும். இரண்டாம் நாளைச் சான்குளோத் என்னும் மலையூருக்கு ஒதுக்குக. எரிமலைப் பாதை அங்கிருந்தே ஏறுகிறது. விடியலிலேயே புறப்பட வேண்டும். உச்சியைப் பெரும்பாலும் மேகம் மூடிவிடும். நச்சு வாயு வெளிப்படுவதால் உச்சியில் சில பகுதிகளுக்குச் செல்லத் தடையுண்டு. 1976இல் மலை குமுறியபோது சுமார் 70,000 மக்களைக் குடிபெயர்த்தார்கள் என்பதை நினைத்தால், அத்தடையின்மேல் ஒருவருக்கும் கோபம் வராது.

மலையிலிருந்து இறங்கியதும் பலர் கடற்கரைக்கு விரைவர். அருகிலேயே மத்தூபா இருக்கிறது, அதை விட்டுவிடலாகாது. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1794இல் அடிமை முறையை ஒழித்தது. எட்டாண்டுகளுக்குப்பின் அதை மீண்டும் நிலைநாட்ட நெப்போலியன் படை அனுப்பினான். சட்டப்படி விடுதலை பெற்ற மனிதரை மறுபடியும் கரும்புத் தோட்டத்துக்கு உடைமையாக்குவது என்றால் என்ன என்று சற்றே எண்ணிப் பாருங்கள். லூயி தெல்க்ரேஸ் என்ற படைத்தலைவர் எதிர்த்து நின்றார். 1802 மே 28ஆம் நாள், வழியெல்லாம் அடைபட்ட நிலையில், அவரும் சுமார் 300 தோழர்களும் மத்தூபாவில் வெடிமருந்துக்குத் தாமே தீயிட்டு மாண்டனர். அடிமை முறை மீண்டது. 1848 வரை நீடித்தது. அந்த மலைச்சரிவில் அரைமணி நேரம் நின்றவருக்கு, அத்தீவின் சர்க்கரை ஆலை இடிபாடுகள் அழகிய புகைப்படப் பொருளாக மட்டும் தோன்றா.

மூன்றாம் நாள் மாலந்தூரும் மழைக்காடும். நான்காம் நாள் புவாந்தாபித்ர் நகரம். அங்கே பழைய சர்க்கரை ஆலை நின்ற இடத்தில், அடிமை வாணிகத்தின் வரலாற்றைக் கூறும் நினைவகம் 2015இல் திறக்கப்பட்டது. திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்க.

ஐந்தாம் நாளைக் கப்பெஸ்தேருக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். காரணம் உண்டு. அடிமைகள் விடுதலை பெற்றதும், கரும்பு வெட்ட ஆள் தேடிய தோட்ட முதலாளிகள் புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பினர். 1854 டிசம்பர் 24ஆம் நாள் ஒரேலி என்னும் கப்பல் முன்னூறுக்கும் மேற்பட்டோரை இத்தீவில் இறக்கியது. 1889க்குள் 42,000க்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து சேர்ந்தனர்; அவர்களுள் தமிழர் மிகப் பலர். அவர்களின் பிள்ளைகள் தீவிலேயே பிறந்தும் வாக்குரிமை மறுக்கப்பட்டது. அதற்காக 1904இல் வழக்காடத் தொடங்கி, 1923இல் வென்றவர் ஆன்றி சிதாம்பரோம், கப்பெஸ்தேரில் பிறந்தவர். அப்பெயர் எவ்வூரை நினைவூட்டுகிறது என்பதை நீங்களே சொல்லுங்கள்.

ஊரின் சாங்கி என்ற பகுதியில் சாலையோரம் வண்ணச் சுதைச் சிற்பங்களுடன் ஒரு கோயில் இருக்கிறது. அன்றாடப் பேச்சில் தமிழ் மறைந்துவிட்டது. ஆயினும் மாரியம்மன் மாலியேமேன் ஆகவும், மதுரை வீரன் மல்தெவிலேன் ஆகவும் வழிபடப்படுகின்றனர். உணவகத்தில் கொலம்போ என்றொரு மசாலைக் கறி கிடைக்கும். கொழும்பு நகரால் வந்த பெயர் என்பர் சிலர். என் செவிக்குக் குழம்பு என்றே கேட்கிறது. கோயிலில் படம் எடுக்குமுன் இசைவு கேட்க வேண்டும். தமிழில் பேசி விடை வராவிட்டால் வருந்த வேண்டாம். பிரெஞ்சும் கிரியோலும்தாம் அவர்களின் மொழிகள்.

பாரிசு செல்லும் விமானங்கள் பெரும்பாலும் மாலையில் புறப்படுகின்றன. கப்பெஸ்தேரிலிருந்து விமான நிலையம் அதிகத் தொலைவில்லை; ஆனால் புவாந்தாபித்ரை நெருங்கும் சாலையில் வாகன நெரிசல் மிகுதி. ஞாயிறன்று பேருந்தும் அரிது. ஆகவே உச்சிப்பொழுதில் உணவு முடித்து, உடனே புறப்பட்டுவிடுவது நல்லது.