மூப்பு வந்த மாவீரன்

சாகச வீரர்களுக்கு வயதாவதில்லை என்பது சித்திரக் கதை உலகத்தின் எழுதப்படாத சட்டம். 1974-இல் மார்வெல் நிறுவனத்தின் கதையொன்றில், ஹல்க் என்னும் பூதாகார மனிதனோடு மோதுவதற்கென்று தோற்றுவிக்கப்பட்டு, பிற்பாடு எக்ஸ்-மென் கூட்டத்தில் சேர்ந்து பெரும் பிரசித்தி அடைந்த வால்வரின், அந்தச் சட்டத்துக்குரிய நியாயத்தையும் தன் தேகத்திலேயே சுமந்து வந்தான். எத்தகைய காயமும் அவனுக்குக் கணப்பொழுதில் ஆறிவிடும். ஆகவே மூப்பும் அவனை எளிதில் அண்டாது. கைகளிலிருந்து சீறிப் புறப்படும் உலோக நகங்களையே ரசிகர்கள் கொண்டாடினார்கள் என்றாலும், அவனுடைய மெய்யான பராக்கிரமம் இந்த ஆறும் தன்மையில்தான் இருந்தது.

2017-இல் வெளிவந்த ‘லோகன்’ படத்தில் இயக்குநர் ஜேம்ஸ் மேங்கோல்ட் கை வைத்தது சரியாக அந்த இடத்தில். 2000-ஆம் ஆண்டு முதல் அந்த வேஷத்தைத் தரித்துவந்த ஆஸ்திரேலிய நடிகர் ஹியூ ஜாக்மன், நரைத்த தாடியும் தள்ளாடும் நடையுமாக இதில் வந்து நிற்கிறார். கதை நடக்கும் காலம் 2029. டெக்சாஸின் எல்லைப்புறத்தில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் லோகனுக்கு, அதாவது வால்வரினுக்கு, எலும்புகளைப் போர்த்திய அடமாண்டியம் என்னும் உலோகமே நாளடைவில் விஷமாகிவிட்டது. புண்கள் ஆற மறுக்கின்றன. எதையேனும் வாசிக்கவேண்டுமானால் மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறான். திருடர்களோடு நடந்த கைகலப்பில் ஒரு நகம் முழுவதும் வெளிவராமல் சிக்கிக்கொள்ள, பின்னர் அவன் தனியே நின்று, சீழ் கசியக் கசிய, அதை விரலால் பற்றி இழுத்து வெளியே எடுக்கிறான். படத்தில் தலைகள் உருளும் காட்சிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவை எதுவும் இந்த ஒரு காட்சியைப் போல் என்னைக் கலங்க வைக்கவில்லை.

அவனுக்கு ஒரு பொறுப்பும் இருக்கிறது. மற்றவர் மனத்துக்குள் புகும் சக்தியால் எக்ஸ்-மென் கூட்டத்துக்கே குருவாக விளங்கிய பேராசிரியர் சேவியர், இப்போது தொண்ணூறு கடந்த கிழவராய், மெக்ஸிகோ எல்லைக்குள் கைவிடப்பட்ட ஓர் உருக்காலையின் சாய்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறார். மூளை நோய் முற்றிய அவருக்கு வலிப்பு வந்துவிட்டால், அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் அசைய மாட்டாமல் ஸ்தம்பித்துப்போகிறார்கள். அவருக்கு ஊசி குத்துவதும், மாத்திரை விழுங்க வைப்பதும், அவர் வாயிலிருந்து வரும் வசவுகளைக் கேட்டுக்கொள்வதும், திரும்ப இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மறுகணமே அவரைத் தூக்கிப் படுக்கையில் கிடத்துவதுமாக, விருத்தாப்பியத்தின் சங்கடங்களைப் பாட்ரிக் ஸ்டூவர்ட்டும் ஜாக்மனும் மிகையின்றி நடித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இந்த இருவரிடம் லாரா என்னும் சிறுமி வந்து சேர்கிறாள். லோகனுடைய மரபணுவைக் கொண்டே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டவள். அவனுடைய நகங்களும் கோபமும் அவளுக்கும் உண்டு. அவளை வடக்கே கொண்டு சேர்க்கும் நெடும்பயணமே மீதிக் கதை. வழியில் ஒரு ஹோட்டல் அறையில், ‘ஷேன்’ என்ற 1953-ஆம் வருஷத்துப் படத்தைத் தொலைக்காட்சியில் அவள் பார்க்கிறாள். துப்பாக்கியைத் துறக்க நினைத்தும் துறக்க முடியாத வீரனின் கதை அது. மேங்கோல்ட் தம்முடைய படத்துக்கு மூலம் எது என்பதை ஒளிக்கவில்லை. லோகனைத் துரத்தும் கொடியவர்களில் மிகக் கொடியவன், அவனுடைய யௌவன உருவத்தையே அச்செடுத்ததுபோன்ற ஒரு படைப்பு. கிழவன் தன் வாலிபத்தோடு போராடித் தோற்கவேண்டியிருக்கிறது என்ற கற்பனை சற்று வெளிப்படையானதுதான், ஆயினும் பொருந்துகிறது.

பதினேழு வயது நிரம்பாதவர்கள் பெரியவர் துணையோடு மட்டுமே பார்க்கலாம் என்ற சான்றிதழை ஏற்கப் பெரிய ஸ்டுடியோக்கள் அஞ்சுவது வழக்கம். அதே சான்றிதழோடு முந்தைய ஆண்டில் ‘டெட்பூல்’ என்ற மற்றொரு சித்திரக் கதை வீரனின் படம் அடைந்த வெற்றி அந்த அச்சத்தைத் தளர்த்தியிருந்தது. அந்தச் சான்றிதழையே ஏற்ற ‘லோகன்’ உலகெங்கும் 60 கோடி டாலருக்கு மேல் ஈட்டியதோடு, திரைக்கதைக்காக ஆஸ்கார் பரிந்துரையும் பெற்றது.

படத்தின் முடிவில் லோகன் மாண்டுபோகிறான். ஜாக்மனும் அந்த வேஷத்துக்கு விடைகொடுத்துவிட்டதாகவே அறிவித்தார். ஆனால் வியாபாரம் யாரை விட்டது? 2024-இல் ‘டெட்பூல் & வால்வரின்’ படத்துக்காக வேறொரு பிரபஞ்சத்து வால்வரினாக அவர் திரும்பி வந்தார்; அப்படத்தின் தொடக்கத்திலேயே டெட்பூல் பழைய லோகனின் புதைகுழியைத் தோண்டி, அந்த உலோக எலும்புகளையே ஆயுதமாக்கி எதிரிகளை வெட்டிச் சாய்க்கிறான். நானும் சிரித்தேன் என்பதை மறைப்பானேன்?